எக்கோ சொன்ன சாட்சி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆதம்பாக்கம் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் மகன் பிரபு எனக்கு ஒரு வேலை கொடுத்தான். அவனுடைய சபையில் அடுத்த தலைமுறைக்கு விசுவாசத்தைக் கைமாற்றுவது பற்றி ஒரு நிகழ்ச்சி வைக்கிறார்களாம். ஒவ்வொரு தகப்பனும் தன் வீட்டில் அதை எப்படிச் செய்தான் என்று எழுதித் தரவேண்டுமாம். வீட்டுப் பட்டாவை மகன் பேருக்கு மாற்றுகிற மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

“நைனா, நீ அத்தினி வருஷம் மைக் செட்டுல இருந்த ஆளு. எங்க மீடியா டீம் பசங்களும் உன் அனுபவத்த கேக்கறாங்க. ரெண்டையும் சேத்து எழுதிக் குடு, குரூப்புல போட்டுடறேன்,” என்றான்.

“போடுவியா?”

“இன்னா நைனா இப்டி கேக்கற. கண்டிப்பா போடுவேன்.”

அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். அவன் தங்கை கிரேசி சின்ன வயதில் ஒரு மேடையில் சாட்சி சொன்ன வீடியோவை யாரோ தேடி எடுத்திருக்கிறார்களாம். சபையின் போதகர் அதைப் பெரிய திரையில் போடப் போகிறாராம். படம் முடிந்ததும் கிரேசியின் மகன் ஜோயல் மேடையேறி ஒரு வசனம் சொன்னால் எல்லோர் மனதையும் தொடுமாம். ஜோயல் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். அவன் அம்மாவைப் போலவே அவனுக்கும் பேச்சு திக்கும்.

நான் சோற்றைப் பிசைந்தபடியே, “எழுதறேன்,” என்றேன்.

எழுதிவிட்டேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

மயிலாப்பூரில் மார்க்கெட்டுக்குப் பின்னால் கரீம் பாய் என்று ஒருவர் மைக் செட் கடை வைத்திருந்தார். சின்னப் பையனாக அங்கே சேர்ந்து அங்கேயே தலை நரைத்தவன் நான். முதல் சில வருஷம் மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன், ஒயர் சுற்றினேன், மூன்று சக்கர வண்டி மிதித்தேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. விழாமல் இறங்கினேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பாய் என்னை ஆம்ப்ளிஃபயர் பக்கம் உட்காரவிட்டார்.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரையே கத்தவைக்கிற தொழிலில் இருந்துகொண்டு மெதுவாகப் பேசுகிற மனிதர் அவர். அவர் சொல்வது கேட்க வேண்டும் என்றால் நாம்தான் கிட்டே போக வேண்டும். டெஸ்டரைக் காதுமடலில் செருகியிருப்பார். மேடையிலிருந்து யாராவது, “ஏய், மைக் செட்டு,” என்று கூப்பிட்டால் செவிடு மாதிரி உட்கார்ந்திருப்பார். “கத்தறவன் கிட்ட நீ போவாத தேவா. அவனே உன் கிட்ட வருவான்,” என்பார். வருவார்கள். பெரிய பெரிய ஆட்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்து, “பாய், கொஞ்சம் கவனிங்க,” என்று நிற்பார்கள். என் பெயர் தேவசகாயம். தேவா என்று சுருக்கியவர் அவர்தான்.

மைக்கில் ஊதிப் பார்க்கிறவனை அவர் கடையில் வைத்திருக்கமாட்டார். ஹலோ ஹலோ என்று கத்துகிறவனையும். மைக்கை எதிரே வைத்துக்கொண்டு வீட்டில் பேசுகிற குரலில் நம் பெயரைச் சொல்ல வேண்டும். இன்னொருவனைச் சொல்லவைத்துவிட்டுக் கடைசி வரிசைக்கு நடந்து போக வேண்டும். “முன்னாடி குந்தினு கீறவனுக்கு மைக் இல்லாமயே கேக்கும். பின்னாடி சுண்டல் விக்கறவனுக்கு வார்த்த புரியுதான்னு பாரு,” என்பார்.

அவரிடம் இன்னொரு முறை இருந்தது. செட்டில் ‘ஊ’ என்று இரைச்சல் வந்தால் நாங்கள் அவசரத்தில் ஒயரையும் மைக்கையும் சேர்த்து மாற்றுவோம். கையைப் பிடித்துக்கொள்வார். “ஒரு நேரத்துல ஒண்ண மாத்து.” முதலில் ஒயர். கேட்டுப் பார். இரைச்சல் போகவில்லையா, பழைய ஒயரையே திரும்பப் போடு. அப்புறம் மைக். கேட்டுப் பார். அதையும் திரும்பப் போடு. இரண்டை ஒன்றாக மாற்றினவனுக்குச் சத்தம் நின்றுபோகும், திருடன் யார் என்று கடைசிவரை தெரியாது. கூட்டத்தில் ஆயிரம் பேர் கத்தினாலும் இந்த வரிசையை மாற்ற விடமாட்டார்.

நாங்கள் ஆடி மாசம் கூழ் ஊற்றுகிற இடத்துக்கும் போவோம், தர்கா சந்தனக்கூட்டுக்கும் போவோம், கட்சிக் கூட்டத்துக்கும் சர்ச் அசன விருந்துக்கும் போவோம். “மைக்குக்குப் பின்னாடி குந்தறவனுக்கு மதம் கெடையாது தேவா. வாட்ஸ்தான் கீது,” என்பார் பாய். மத்தியானமும் சாயங்காலமும் வேலைக்கு நடுவில், “ஒரு டீ அடிச்சிட்டு வரேன்,” என்று எழுந்து போவார். கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார். ரொம்ப வருஷம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் டீக்கடைக்காரர் என்னிடம், “உங்க பாய் நம்ம கடைல ஒரு சிங்கிள் குடிச்சதில்லபா. அவரு டீயே குடிக்கமாட்டாரே,” என்றார். பக்கத்துச் சந்தில் பள்ளிவாசல் இருந்தது. நான் பாயிடம் கேட்கவில்லை. மறுநாளும் டீ அடிக்கப் போனார். நானும் சரி என்றேன்.

இப்போது நம் ஆட்கள் காரின் பின்கண்ணாடி முழுக்க வசனம் ஒட்டிக்கொண்டு சிக்னலில் ஹாரன் அடிக்கிறதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த டீ ஞாபகம் வரும்.

அபிராமபுரத்தில் ஒரு வீடு. நம் ஆட்கள்தான், வசதியான குடும்பம். மூன்றாவது மாடி. வீட்டில் குடும்ப ஜெபம், மைக் செட் வேண்டும் என்றார்கள். போய்ப் பார்த்தால் ஹாலில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். பாய் கேட்டார். “இத்தினி பேருக்கு மைக் எதுக்கு சார்?”

“பால்கனில ஒரு ஸ்பீக்கர் பெட்டிய வெளிய பாத்து வைங்க பாய். அக்கம்பக்கத்துக்கு ஒரு சாட்சியா இருக்கணும்,” என்றார் வீட்டுக்காரர்.

வைத்தோம். பாட்டு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு மாமி படியேறி வந்தார். கதவோரம் உட்கார்ந்திருந்த என்னிடம்தான் கேட்டார். “யாராத்துல என்ன விசேஷம்? எங்காத்துப் புள்ள பரீட்சைக்குப் படிச்சிண்டு இருக்கான். சித்த மெதுவாப் பண்ணப்படாதா?”

“ஜெபம் நடக்குது மாமி.”

“நடக்கட்டுமே. நாங்களும்தான் தினம் பண்றோம். பகவானுக்குக் காது மந்தம்னு யார் சொன்னா?”

சத்தத்தைக் குறைத்தேன். வீட்டுக்காரர் திரும்பி முறைத்தார், கூட்டினேன். அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. அந்த வீட்டுப் பையன், கல்லூரி படிக்கிற வயசு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்திருந்தான். கதவைச் சாத்தச் சொல்லி எனக்குக் கைகாட்டினான். சாத்தினேன். தெருவுக்கே சாட்சி சொன்ன தகப்பன், சுவருக்கு இந்தப் பக்கம். பஞ்சு வைத்த மகன், அந்தப் பக்கம். அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றுவது என்றால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி எக்கோ. மீடியா டீம் பிள்ளைகளுக்கு அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அதை டிலே என்கிறீர்கள், திரையில் விரலால் இழுத்து வைக்கிறீர்கள். எங்களிடம் அது ஒரு தகரப் பெட்டி. பேசுகிறவன் குரலை வாங்கி, ஒரு கணம் உள்ளே வைத்திருந்து, மறுபடியும் வெளியே விடும். லைட் மியூசிக்காரர்கள் பாடகிக்குக் கொஞ்சம் கேட்பார்கள். சபாக் கச்சேரிக்காரர்கள் அந்தப் பெட்டியைக் கண்ணிலேயே காட்டாதே என்பார்கள். கட்சிக்காரர்களுக்கு அது வேண்டாம், அவர்கள் திட்டுவது தெளிவாகப் போய் விழ வேண்டும். பிரசங்கியார்களுக்கு மட்டும் எவ்வளவு வைத்தாலும் போதாது. ஒரு ஆள் பேசினால் மேலேயிருந்து இரண்டு ஆள் ஆமாம் போடுகிற மாதிரி இருக்க வேண்டும். கூட்டம் சேராத நாளில் ஒருவர் தன் பையிலிருந்து கேசட் எடுத்துக் கொடுத்து, தான் கைக்குட்டையை உதறும்போது போடச் சொன்னார். போட்டேன். அதில் வேறு ஏதோ ஊர்க் கூட்டம் அல்லேலூயா சொன்னது. காலி நாற்காலிகள் எல்லாம் பரவசத்தில் இருக்கிற மாதிரி கேட்டது.

பாய் சொல்வார்: “சரக்கு கம்மியா கீற எடத்துல எக்கோ ஜாஸ்தி போடணும் தேவா.”

அந்த நாளில் நாங்கள் மந்தைவெளியில் கால்வாய் ஓரம் இருந்தோம். ஒரே அறை. பூட்டிக்கொண்டு ஜெபிக்க உள்ளறை எல்லாம் கிடையாது. தண்ணீர் பிடித்துவைக்கிற நீல டிரம் ஒன்று மூலையில் இருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரலாம். கிரேசி சாயங்காலம் விளையாடிவிட்டு வந்து, கைகால் கழுவிக்கொண்டு, அந்த இடத்தில் போய் உட்காருவாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு குசுகுசுவென்று பேசுவாள். அவளுக்கு ரொம்பத் திக்கும். ஐந்தாவது படிக்கிற பிள்ளை, வகுப்பில் ‘உள்ளேன் டீச்சர்’ சொல்வதற்குள் அடுத்த மூன்று பெயர் போய்விடும். ஆனால் அந்த டிரம்முக்குப் பின்னால் மட்டும் திக்காது. குசுகுசு என்று பேசும்போது அவளுக்கு வார்த்தை தடுக்குவதில்லை. தண்ணீர் ஓடுகிற மாதிரி போகும்.

என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. என் மனைவி ரோஸி ஒரு தரம், “கொஞ்சம் சத்தமா ஜெபம் பண்ணேன்டி, நாங்களும் ஆமென் சொல்றோம்,” என்று கேட்டாள். கிரேசி, “அ... அவருக்கு காது நல்லா கேக்கும்மா,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ரோஸியின் அண்ணன் ஞானராஜுக்கு இது பொறுக்கவில்லை. எனக்கு மச்சான், பிரபு, உனக்கும் கிரேசிக்கும் மாமா. சபையில் மூப்பர். பிள்ளைகள் வாய்திறந்து சாட்சி சொன்னால்தான் விசுவாசம் இருக்கிறது என்று எண்ணுகிற ஆள். வீட்டுக்கு வந்தால் உன்னையும் கிரேசியையும் நிற்கவைத்து வசனம் கேட்பார். நீ கடகடவென்று ஒப்பிப்பாய், பிரபு. மிட்டாய் வாங்குவாய். அவள் முதல் வார்த்தையிலேயே நிற்பாள். அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, “ஆவி அடைச்சு வச்சிருக்குது மாப்ள,” என்பார். பிள்ளையின் எதிரிலேயே.

அவர்தான் வடபழனியில் சுகமளிக்கும் கூட்டம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். வெளியூர்ப் பிரசங்கியார். மைக் செட் எங்களுடையது. அதோடு விட்டாரா, சுகம் பெறுகிறவர்கள் வரிசையில் கிரேசியையும் சேர்த்துவிட்டார்.

“வேணாம் மச்சான்,” என்றேன். “பள்ளிக்கூடத்துலயே சிரிக்கிறாங்கன்னு அழுவுது. இத்தினி பேர் முன்னாடி எதுக்கு?”

“இன்னா மாப்ள, உம் பொண்ணு நல்லா பேசறது உனக்கு புடிக்கலியா?”

ரோஸி என்னைப் பார்த்தாள். எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? போனோம்.

கூட்டத்தன்று சாயங்காலமே பிரசங்கியார் மைக் பார்க்க வந்தார். வெள்ளைக் கோட்டு. மேடையில் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னார்: “பிரதர், சவுண்ட் நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் அபிஷேகமா வேணும்.”

பாய் என் பக்கம் குனிந்தார். “அபிஷேகம் எந்த குமிழ்ல கீது தேவா?”

எக்கோவைக் கூட்டினேன். போதவில்லை. இன்னும் கூட்டினேன். வெளியே போகிற பெட்டிகளுக்கு மட்டும் போதாதாம், மேடையில் அவர் காலடியில் அவர் குரல் அவருக்கே கேட்பதற்காக வைத்திருக்கிற பெட்டிக்கும் எக்கோ வேண்டுமாம். பேசுகிறவன் காதுக்கு எக்கோ போனால் குழப்பம்தான் வரும் என்று சொன்னேன். “எனக்குக் குழப்பம் வராது பிரதர்,” என்றார். தன் குரலை இரண்டு தரம் கேட்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பாய் தோளைக் குலுக்கினார். காலடிப் பெட்டிக்கும் எக்கோ வைத்தேன்.

கிரேசியின் முறை வந்தது. அவர் அவள் தலையில் கைவைத்து, திக்குவாய் ஆவியை வெளியே போகச் சொல்லிக் கத்தினார். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பிறகு மைக்கை அவள் வாயருகே கொண்டுபோய், “சொல்லு மகளே, உன் பெயர் என்ன?” என்று கேட்டார்.

“என் பேரு கிரேசி.”

ஒரு தடங்கல் இல்லை. குரல் காலடிப் பெட்டியிலிருந்து திரும்பி வந்தது. அவளே குனிந்து பெட்டியைப் பார்த்தாள். அவர் வசனம் சொல்லச் சொன்னார். சொன்னாள். முழுசாகச் சொன்னாள். ஞாயிறு பள்ளியில் ஒருநாளும் பாதி தாண்டாத வசனம். கூட்டம் எழுந்து நின்றது. ரோஸி தரையில் உட்கார்ந்து அழுதாள். குமிழ்களிலிருந்து கையை எடுத்துவிட்டு நானும் அழுதேன். மச்சான் மேடை ஓரத்தில் நின்று வீடியோக்காரனுக்கு, இன்னும் கிட்டே போ, கிட்டே போ என்று கைகாட்டிக்கொண்டிருந்தார். உங்கள் போதகர் திரையில் போடப் போகிற வீடியோ அதுதான்.

மறுநாள் காலையில் எதிர்க் கடைக்குப் பால் வாங்கப் போனாள். “பா... பா... பா...” கடைக்காரர் பால் பாக்கெட்டை எடுத்து நீட்டிய பிறகும் அந்த வார்த்தை முடியவில்லை.

மச்சானிடம் ரோஸி போய்ச் சொன்னாள். அவர் வீட்டுக்கு வந்து நடு அறையில் நின்றார். “கர்த்தர் குடுத்தாரு. வீட்டுல யாரோ சந்தேகப்பட்டிருக்கீங்க. அதான் எடுத்துட்டாரு.” சொல்லும்போது என்னைப் பார்த்தார். பாய் கடையில் வேலை, கோயிலில் குழாய் கட்டுகிறவன். அப்புறம் கிரேசியிடம் குனிந்து, “நீயும் ஒழுங்கா விசுவாசிக்கணும்ல பாப்பா. அவரு மனச கஷ்டப்படுத்திட்டியே,” என்றார். வந்த வேலை முடிந்தது. காபி குடித்துவிட்டுப் போனார். வீடியோவை மட்டும் அவர்கள் நிறுத்தவில்லை. திக்குவாய் திரும்பியது என்று அடுத்த ஊருக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்? அவளுடைய சாட்சி ஊர் ஊராகப் போனது. அவள் இங்கே பால் கேட்க முடியாமல் நின்றாள்.

அன்றிலிருந்து டிரம்முக்குப் பின்னால் யாரும் உட்காரவில்லை.

சாயங்காலம் வருவாள், கைகால் கழுவுவாள், பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ரோஸி கேட்டாள். “ஜெபம் பண்ணலியா?”

“அ... அவரு எம்மேல கோ... கோவமா கீறாரு.”

நான் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவன் இல்லை. எனக்கே நாலு வசனம் உருப்படியாகத் தெரியாது. ஆனால் அவளாகவே கண்டுபிடித்து வைத்திருந்த ஒரு மூலை அவளுக்கு இருந்தது. கோட்டுப் போட்ட ஒருவரும் மூப்பர் ஒருவரும் சேர்ந்து ஒரே நாளில் அதைக் காலி செய்துவிட்டார்கள். திக்கினால் திக்கட்டும். பேசுகிறதற்கு ஒருவர் இருந்தார், அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஒரு குழந்தை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், தகப்பன் எந்தக் குமிழைத் திருப்புவான்?

சில வாரம் கழித்து, பள்ளி விடுமுறை நாளில், கிரேசி எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். பாயும் நானும் அந்த எக்கோ பெட்டியைத்தான் பிரித்துச் சரிசெய்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றும் மைக்கும் மாட்டியிருந்தோம். பாய் விளையாட்டாக மைக்கை அவள் பக்கம் நீட்டினார்.

“இன்னா பாப்பா, இன்னிக்கு இன்னா கொழம்பு?”

“கருவாட்டுக் கொழம்பு பாய். கத்திரிக்கா போட்டு கீது.”

நான் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பாய் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “மறுபடி சொல்லு.”

“க... க... கரு...”

பாய் சிரிக்கவில்லை. டெஸ்டரைக் காதிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி ஆனது. “இரு. ஒரு நேரத்துல ஒண்ணு.”

மைக்கை அவளிடம் கொடுத்தார். எக்கோவை முழுக்க இறக்கினார். அவள் குரல் நேராக ஸ்பீக்கரில் வந்தது. திக்கியது. மைக்கை வாங்கவில்லை, நாற்காலியை மாற்றவில்லை, என்னையும் நகரவிடவில்லை. எக்கோவை மட்டும் ஏற்றினார். திக்கவில்லை. இறக்கினார். திக்கியது. ஏற்றினார்.

“என் பேரு கிரேசி. நான் அஞ்சாவது படிக்கிறேன். எங்க நைனா பேரு தேவசகாயம்.”

“போதும்,” என்றார் பாய். “திருடன் மாட்டிக்கினான்.”

தன் குரலே கொஞ்சம் பிந்தி வந்து காதில் விழுந்தால் சிலருக்குத் திக்கல் நிற்குமாம். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு. பல வருஷம் கழித்து, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மா கிரேசியிடம் அதைச் சொன்னார். காதில் மாட்டுகிற மாதிரி அதற்குக் கருவியே இருக்கிறதாம். அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. குமிழ் ஏறினால் பேசுகிறாள், இறங்கினால் பேசவில்லை. அது மட்டும் தெரிந்தது.

எனக்கு உள்ளே பயம் பிடித்துக்கொண்டது. கோபக்காரக் கடவுளாவது அவளுக்கு மிச்சம் இருந்தார். இப்போது அதுவும் போகப் போகிறது, எல்லாம் தகரப் பெட்டி வேலை என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டு, என்னிடம் நேராகக் கேட்டாள்.

“அ... அப்போ அன்னிக்கு அவரு கு... குடுக்கலியா?”

“இல்ல போலகீதும்மா.”

“கு... குடுக்கலன்னா, தி... திருப்பி எடுக்கவும் இல்ல.”

அவள் பெட்டியை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள்.

“அப்போ அவரு எ... எம்மேல கோவமா இல்ல.”

பாய் எழுந்தார். “நான் ஒரு டீ அடிச்சிட்டு வரேன்,” என்றார். அது டீ அடிக்கிற நேரம் இல்லை.

அன்று சாயங்காலம் அவள் விளையாடிவிட்டு வந்தாள், கைகால் கழுவினாள், டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். ரோஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் காதைச் சாய்த்தாள். நான் ரேடியோவைப் போட்டேன். எல்லோருக்கும் கேட்க வைப்பதே என் பிழைப்பு. இதை மட்டும் யாருக்கும் கேட்க விடக்கூடாது என்று அன்றைக்குத் தோன்றியது, எனக்கும் சேர்த்து.

மச்சானிடம் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா? அவர் அசரவில்லை.

“இன்னா மாப்ள, மெஷின் வழியா கர்த்தர் கிரியை செய்யக் கூடாதா?”

“செய்யலாம் மச்சான். அப்போ அந்த மெஷினையே மேடைல ஏத்தி சாட்சி சொல்ல வைங்க. எம் பொண்ண வுட்ருங்க.”

“உனக்கு அந்த பாய் சகவாசம்தான் இப்டி பேச வைக்குது.”

“ஆமா மச்சான். அவரு தெனம் டீ அடிக்கப் போறாரு. நீங்க போறதில்ல.”

அவருக்குப் புரியவில்லை. புரியவைக்க நானும் சிரமப்படவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் வசனம் கேட்பதில்லை. காபி மட்டும் குடிப்பார். அது நல்ல முன்னேற்றம்.

இப்போது பிரபுவுக்கு. நீயும் உன் மீடியா டீமும் நல்ல பிள்ளைகள். ஒயரே இல்லாத மைக், சுவர் அகலத்துக்குத் திரை, வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்து ஆராதனை பார்க்கிறவனுக்கு நேரலை, எல்லாம் பார்த்தேன். ஒரு நாள் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேனே, உங்கள் போதகர் உன்னைப் பார்த்துக் கையை மேலே மேலே என்று காட்டினார். எதைக் கூட்டச் சொல்கிறார் என்று உனக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது. பெட்டிதான் மாறியிருக்கிறது.

நான் உங்களுக்கு எப்படி விசுவாசத்தைக் கைமாற்றினேன் என்று கேட்டிருக்கிறார்கள். நான் எதையும் கைமாற்றவில்லை. என்னிடம் இருப்பது கொஞ்சம், அது என்னோடு இருக்கிறது. உனக்கு என்ன இருக்கிறது என்று நான் எட்டிப் பார்த்ததில்லை. அவளுக்கு இருந்ததை மிதிக்க வந்தவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன், அதுவும் தாமதமாக. தகப்பன் செய்ய வேண்டியது இதற்கு மேல் இருந்தால் உங்கள் போதகர் எனக்குச் சொல்லட்டும். மைக் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும்.

இதைக் கிரேசியிடம் கேட்காமல் எழுதக் கூடாது என்று நேற்று அடையாறில் அவள் வீட்டுக்குப் போனேன். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். இன்றைக்கும் கொஞ்சம் திக்கும். ஊசி போடும்போது பயப்படுகிற குழந்தைகளிடம் குசுகுசுவென்றுதான் பேசுவாளாம். விஷயத்தைச் சொன்னேன்.

“வீ... வீடியோவ போட்டா போட்டுக்கட்டும் நைனா. அது நான் இல்ல, உன் எக்கோ. ஜோயல் வ... வரமாட்டான்.”

“பிரபு கஷ்டப்படுவான்.”

“அண்ணன் ஒரு நாள் க... கஷ்டப்பட்டா பரவால்ல.”

இருட்டத் தொடங்கியது. ஜோயல் விளையாடிவிட்டு வந்து கைகால் கழுவினான். அம்மாவும் பிள்ளையும் உள்ளறைக்குள் போனார்கள். கதவு முழுக்கச் சாத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் குசுகுசு சத்தம் வந்தது. முதலில் ஒன்று. அப்புறம் அதைவிடச் சின்னதாக இன்னொன்று, தடங்கல் இல்லாமல், தண்ணீர் ஓடுகிற மாதிரி. என் காது தொழில்காதுதானே, வார்த்தை பிடிபடுகிற மாதிரி இருந்தது. ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டேன். ஏதோ சமையல் நிகழ்ச்சி. சத்தத்தைக் கூட்டினேன்.

வேலையிலிருந்து வந்த மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். “இன்னா மாமா, இவ்ளோ சவுண்டு? காது கேக்கலியா?”

“ஆமா மாப்ள. வயசாயிடுச்சி,” என்றேன். இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.